எழும்புதில்லை

டிசம்பர் பிறந்தால் என் கைபேசிக்குப் பேய் பிடித்துவிடும். விடிவதற்கு முன்பே கத்தத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் ஓயாது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கராஜில் இருபத்திரண்டு வருடமாகக் கார் திருத்துகிறேன். ஒரேயொரு முறை என்னிடம் ஒயில் மாற்றியவர்கள்கூட என் நம்பரைப் பரம்பரைச் சொத்து என்று நினைக்கிறார்கள். தாங்கள் வைத்திருப்பது போதாதென்று மச்சானுக்கும் மருமகனுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள்.

எங்கள் சனம் காரைப் பற்றிக் கதைக்கும் விதமே தனி. "அண்ணை, கார் படுத்திட்டுது." "அண்ணை, காலமையிலையிருந்து ஒரே இருமல்." "அண்ணை, உதறி உதறி நடுங்குது, காய்ச்சல் மாதிரி." "அண்ணை, வலப்பக்கக் கண் தெரியேல்லை." பக்கத்தில் நின்று கேட்கிற புது ஆள், நான் ஏதோ மருந்துக்கடை நடத்துகிறேன் என்றுதான் நினைப்பான். இத்தனை வருடத்தில் பற்றரியில் மின்சாரம் குறைந்துவிட்டது என்று ஒருவராவது நேராகச் சொன்னதில்லை. எழும்புதில்லை என்பார்கள். அவ்வளவுதான். எது, எப்படி, எப்போதிலிருந்து என்பதெல்லாம் நானே பிடுங்கி எடுக்கவேண்டும்.

பிடுங்கி எடுப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இருமல் என்றால் பிளக், நடுக்கம் என்றால் ரயர், முனகல் என்றால் பெல்ற். காரைக் கண்ணால் காணாமலே ஃபோனில் சொல்லிவிடுவேன். கூடவே நாலு ஏச்சும் கொடுப்பேன். ஏச்சு வாங்காவிட்டால் அவர்களுக்கும் வைத்தியம் பார்த்தது போல இருக்காது.

ஏசாமல் என்ன செய்வது? கண்ணாடியில் பனி உறைந்துவிட்டது என்று கேத்திலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கண்ணாடி பளாரென்று வெடித்த பிறகு எனக்கு ஃபோன் எடுப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு தம்பி, கண்ணாடி கழுவுகிற போத்தலுக்குள் குழாய்த் தண்ணீரை நிரப்பிவிட்டு, அது உறைந்து வெடித்ததும், "சார், பாட்டில் உடைஞ்சிருக்கு, வாரண்டியில வருமா?" என்று கேட்டான். இன்னொருவர் ஈரப்பனியில் கைப்பிறேக்கைப் போட்டுவிட்டுப் படுத்து, காலையில் அது இறுகிப்போனது தெரியாமல் பின்சில்லுகளை இழுத்துக்கொண்டே இரண்டு ஊர் தாண்டி விட்பி வரை போயிருக்கிறார். ரயர் புகைகிறதாம், அவருக்கு அதிசயம். நாலு வருடத்துக்கு மேலான பற்றரியைப் பனிக்கு முன் மாற்றுங்கள், தாங்கியில் பாதிக்கு மேல் எப்போதும் பெற்றோல் வைத்திருங்கள், குளிருக்கு ரயரில் காற்று இறங்கும், பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்பார்கள். ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

இப்போது யார் எடுத்தாலும் நான் கேட்கிற முதற்கேள்வி வேறு. "பின்னாலை புகைக்குழாய் வெளியிலை தெரியுதோ?" கார் ஸ்ராட்டே எடுக்கவில்லை, இந்த மனுசன் ஏன் பின்பக்கத்தை விசாரிக்கிறான் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரைக்கும் நான் வேறு கதை கதைப்பதில்லை.

அது ஏன் என்று என் மனைவியையும் இன்னும் ஒருவரையும் தவிர வேறு யாருக்கும் சொன்னதில்லை. இதில்தான் எழுதுகிறேன்.

எட்டுக் குளிர்காலத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடத் தூரத்தில் வரிசை வீடுகள் உள்ள ஒரு வளவு இருக்கிறது. அங்கே ஒரு மன்னார்க் குடும்பம். கணவர் பிறம்ரனிலிருந்து நெடுந்தூர லொறி ஓட்டுகிறவர். வெளிக்கிட்டால் ஐந்தாறு நாளைக்கு வீடு வரமாட்டார். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவளை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணை என்பாள். மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. அவர்களுடைய பழைய காரைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது நான்தான். வீதியில் போடுகிற உப்பு அடித்தட்டை அரித்துத் தின்றிருந்தது. அந்தக் கோடையில்கூட ஒரு ஓட்டையை ஒட்டிக் கொடுத்தேன். ஸ்ராட்டர் மோட்டரும் அடிக்கடி கரைச்சல் கொடுக்கும். அதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தேன்: எழும்பாவிட்டால் ஸ்பானரால் மோட்டரில் இரண்டு தட்டு. தட்டினால் எழும்பும்.

அன்றைக்கு முழு இரவும் பனி கொட்டியிருந்தது. காலை ஏழு நாற்பதுக்கு அவள் எடுத்தாள். பிள்ளையை விட்பியில் தாயின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும், கார் அசையவில்லை என்றாள். பற்றரி உயிர்ப்பிக்கிற சின்னப் பெட்டி ஒன்றை அவர்களிடம் கொடுத்து வைத்திருந்தேன். சிவப்பைச் சிவப்பில் கொழுவுங்கோ, கறுப்பை இரும்பில் கொழுவுங்கோ என்று ஃபோனிலேயே சொல்லச் சொல்லச் செய்தாள். கெட்டிக்காரி. இரண்டாம் முறையே கார் பிடித்துக்கொண்டது.

"இனி நிப்பாட்டிப் போடாதேங்கோ. இருபது நிமிசம் ஓடட்டும். அதுக்குள்ளை நீங்கள் ஸ்நோவை அள்ளுங்கோ" என்றேன்.

"பிள்ளை வாசலிலை நிண்டு சிணுங்குது அண்ணை. உள்ளை இருத்தட்டோ?"

"ஓம் ஓம், ஹீற்றரைப் போட்டிட்டு இருத்துங்கோ. குளிருக்கை ஏன் நிக்கவிடுறியள்?"

இதைச் சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன். அவளுடைய கார் பின்பக்கத்தை வேலிக்குக் கொடுத்து நின்றது என்பதும், வளவுக்குப் பனி தள்ளுகிற வண்டி விடியவே வந்து பனியைக் குவியலாக அந்த வேலியோரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவள் முன்பக்கத்தில் நின்று அள்ளினாள். முன்னால்தானே கார் போகவேண்டும்.

எட்டு மணி கடந்து எட்டு நிமிடத்தில் மறுபடி எடுத்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நின்றேன்.

"அண்ணை, எழும்புதில்லை."

குரலில் பதற்றம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தயக்கம், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. நிப்பாட்டாதே என்று அவ்வளவு சொல்லியும் நிப்பாட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எத்தினை தரம் பாத்தனீங்கள்?"

"ரண்டு மூண்டு தரம். தட்டியும் பாத்தன். சத்தமில்லாமல் கிடக்கு."

"சும்மா சும்மா தட்டாதேங்கோ. கொஞ்சநேரம் கரைச்சல் குடுக்காமல் அப்பிடியே விடுங்கோ. பத்து நிமிசத்தாலை தானா எழும்பும்."

"பயமில்லையே அண்ணை?"

"உதுக்கெல்லாம் என்ன பயம்? குளிருக்கு உப்பிடித்தான். நான் வெளிக்கிட்டு வாறன்."

"சரி அண்ணை" என்று வைத்துவிட்டாள்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கோப்பையைக் கழுவியும் வைத்தேன். கையுறையில் ஒன்றைக் காணவில்லை, அதைத் தேடினேன். என் காரின் கண்ணாடியைச் சுரண்டினேன். இதெல்லாம் எத்தனை நிமிடம் என்று இன்றைக்கு எனக்குத் துல்லியமாகத் தெரியும். அன்றைக்கு ஒரு அவசரமும் இல்லாமல்தான் செய்தேன். வானொலிச் செய்தியைக்கூட நின்று கேட்டேன்.

காருக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. ஹீற்றர் விசிறி உர்ரென்று ஊதத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் என் கை அப்படியே நின்றது. இதே சத்தம் அவள் கதைக்கும்போது பின்னால் கேட்டது. எஞ்சின் ஓடுகிற சத்தம். விசிறி ஊதுகிற சத்தம். அவளுடைய கார் நிற்கவேயில்லை. ஓடிக்கொண்டிருக்கிற கார் எப்படி எழும்பாமல் கிடக்கும்?

எங்கள் பேச்சில் சின்னப் பிள்ளையை அவன், அவள் என்று சொல்வதில்லை. பிள்ளை அழுகுது, பிள்ளை சாப்பிடுகுது, பிள்ளை நித்திரை கொள்ளுது. காரும் அப்படித்தான், இருமுது, நடுங்குது, எழும்புதில்லை. யார், எது என்று நடுவில் ஒரு சொல்லைப் போட்டால்தான் பிரியும். அவள் போடவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை வருடமாக "எழும்புதில்லை" என்றால் எனக்குக் கார்தான்.

உடனே நம்பரைத் தட்டினேன். முதல்முறை எடுத்தபோது அவளுடைய ஃபோனில் வேறு கதை போய்க்கொண்டிருந்தது. புருசனுக்கு எடுத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. இரண்டாம் முறை எடுத்தாள்.

"பிள்ளை எங்கை?"

"உள்ளைதான் அண்ணை, படுக்குது. நீங்கள்தானே சொன்னியள் கொஞ்சநேரம்…"

"தூக்கு. கதவைத் திறந்து வெளியிலை தூக்கு. இப்பவே தூக்கு."

ஒருநாளும் அவளோடு நான் அப்படிக் கதைத்ததில்லை. நீங்கள், உங்கள் என்று மரியாதையாகத்தான் கதைப்பேன். ஃபோன் பனியில் விழுகிற சத்தம் கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. நான் அம்புலன்சுக்கு எடுக்கவேண்டும் என்றால் அந்தக் குரலை வெட்டவேண்டும். வெட்டினேன். அந்த இடத்தில் அவளைத் தனியே விட்டேன் என்பது இன்றைக்கும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பனிக்குள் சம்மணம் கட்டி இருந்தாள். மடியில் பிள்ளை. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு, ஆரோக்கியமான பிள்ளை மாதிரி. சத்தியெடுத்திருந்தது, உடுப்பின் முன்பக்கம் எல்லாம் வாந்தி. பிறகு ஒரு சிணுங்கல் கேட்டது. கோபம் வந்த பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் முழந்தாளில் விழுந்து கும்பிட்டேன், வெட்கமே இல்லாமல். அம்புலன்ஸ்காரரின் இடுப்பில் இருந்த சின்னக் கருவி, காரின் கதவருகே போனதுமே கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. புகைக்குழாய் முழங்கையளவு பனிக்குள் புதைந்திருந்தது. நான் ஒட்டிக் கொடுத்த அடித்தட்டு வழியாக, புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு உள்ளே வந்திருக்கிறது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரை மாதிரித்தான் வரும்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஒட்சிசன் கொடுத்தார்கள். பிள்ளை தப்பிவிட்டது. நடுவில் அவள் ஒருதரம் கதவைத் திறந்து கன்னத்தில் தட்டிப் பார்த்தாளே, அப்போது உள்ளே போன காற்றுத்தான் காப்பாற்றியிருக்கும் என்றார்களாம். தட்டாதேங்கோ என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை. அவள் ஊரெல்லாம் சொன்னாள். கோயிலில் சொன்னாள், வேலையிடத்தில் சொன்னாள், ஒஷாவாவில் இருக்கிற தமக்கைக்குச் சொன்னாள். "அண்ணை ஃபோனிலையே கண்டுபிடிச்சவர். அண்ணை இல்லாட்டி என்ரை பிள்ளை இல்லை." கராஜுக்கு வருகிற ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். லொறியிலிருந்து வந்து இறங்கின புருசன், அந்த ஆறடி மனுசன், என் தோளில் முகத்தை வைத்து விம்மி அழுதான். நான் அவனுடைய முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் விடச் சொன்னதும் நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொன்னேன். அவள், "பிள்ளை தப்பியிட்டுதுதானே. இனி வாயைக் கட்டிக்கொண்டு இருங்கோ. அதுகள் உங்களைக் கடவுளா நினைக்குதுகள், அதையும் ஏன் கெடுக்கிறியள்?" என்றாள். வாயைக் கட்டினேன்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கின் முதல் துண்டு எனக்கு. பிள்ளை ஓடிவந்து, "மாமா, ஓப்பின் யுவர் மௌத்" என்று சொல்லி ஊட்டிவிடும். எல்லோரும் படம் எடுப்பார்கள். அந்தக் கேக்கை ஒவ்வொரு வருடமும் யாரும் காணாமல் கடதாசிக்குள் துப்பிவிடுவேன். கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த அன்றைக்கு வெள்ளை உடுப்போடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த உடுப்பைப் பார்த்ததும், வெள்ளை உடுத்திப் பெட்டிக்குள் கிடத்துகிற பிள்ளைகளின் நினைப்பு வந்து, நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த இரண்டு அழைப்புகளும் பழைய ஃபோனில் இருக்கின்றன. எட்டு எட்டு. எட்டுப் பத்தொன்பது. நடுவில் பதினொரு நிமிடம். ஃபோனை மாற்றிவிட்டேன், ஆனால் பழையதை எறியவில்லை. அலமாரியில் சேட்டுகளுக்குக் கீழே கிடக்கிறது. பதினொரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று என்னைக் கேளுங்கள். குழம்பு கொதிக்கும்போது, வரிசையில் நிற்கும்போது, பூசையில் இருக்கும்போது என்னையறியாமல் மணியைப் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லையா, இன்னும் முடியவில்லையா என்று இருக்கும். அவ்வளவு நேரமும் அவள் சவளால் பனியை அள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள். தானா எழும்பும் என்று நான் சொன்னேன், அவள் நம்பினாள்.

குளிர்காலத்தில் கடைத்தொகுதிகளின் கார் தரிப்பிடத்தில் என்னைக் கண்டால் விசரன் என்றுதான் நினைப்பீர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கிற கார்களுக்குப் பின்னால் போய், காலால் பனியைத் தட்டிவிட்டு வருவேன். உள்ளே பிள்ளை படுத்திருந்தால் கண்ணாடியில் தட்டுவேன். ஒருமுறை ஒருவன் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான். பொலிஸைக் கூப்பிடுவேன் என்றான். கூப்பிடு என்றேன். பின்சீற்றில் கிடந்த அவனுடைய பிள்ளை கண்ணை முழித்து என்னைப் பார்த்தது. அது போதும், நான் போய்விட்டேன்.

பிள்ளைக்கு இப்போது பதினொரு வயது. உயரமாக வளர்ந்துவிட்டாள். நீந்துவாள், நன்றாகப் பாடுவாள், வாயாடி. ஆனால் அவள் வாசிக்கிறபோது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஒரு சொல்லில் தடக்கி நிற்பதைக் கேட்கப் பயம். சாப்பாட்டுப் பையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால், தாய், "இவளுக்கு மண்டையிலை ஒண்டும் நிக்குதில்லை" என்று சாதாரணமாகத்தான் ஏசுவாள். எல்லாத் தாய்மாரும் ஏசுகிற ஏச்சு. எல்லாப் பிள்ளைகளும்தான் மறக்கின்றன. இந்தப் பிள்ளை மறந்தால் மட்டும் அது என்னுடைய பதினொரு நிமிடம்.

போன தை மாதம் தாய் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். காருக்கு இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது என்றாள். பிள்ளை வாசிப்பில் பின்தங்கி நிற்கிறதாம், சோதித்துப் பார்க்கப் போகிறார்களாம். புருசன் லொறியில். துணைக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றாள்.

குசினி மேசையில் எதிரும் புதிருமாக இருந்தோம். பிள்ளை எட்டிப் பார்த்து, "மாமா, ஸ்ரே ஃபோர் டின்னர், ஓகே? அம்மா இடியப்பம் மேக் பண்றா" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள். தாய் படிவத்தை ஒவ்வொரு கேள்வியாக நிரப்பிக்கொண்டு போனாள். பிறப்பு, தடுப்பூசி, காய்ச்சல். மூன்றாம் பக்கத்தில் பேனை நின்றது. சிறுவயதில் பிள்ளை எப்போதாவது நினைவிழந்திருக்கிறதா, நஞ்சுக் காற்று ஏதும் உள்ளே போயிருக்கிறதா, எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தார்கள்.

"அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நான் ஒரு ஐஞ்சு, ஆறு நிமிசம் உள்ளை இருந்திருப்பாள் எண்டு சொன்னனான் அண்ணை. அதையே எழுதட்டோ?"

அப்போதுதான் எனக்கு அது தெரியவந்தது. எட்டு வருடமாக டொக்டர்களிடம் இருக்கிற கணக்கே பிழை. இதற்குமேல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் நான் மனுசனே இல்லை. பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்தது என்று பார்க்கப் போகிறவர்களுக்கு உண்மையான நேரம் தெரியவேண்டும். அந்த நேரத்தைச் சொல்வதென்றால் நடுவில் உள்ளதையும் சொல்லவேண்டும். நான் சொல்லத் தொடங்கினேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் ரண்டாந்தரம் எடுத்தனீங்கள். எழும்புதில்லை எண்டனீங்கள். நான் காரை எண்டு விளங்கிக்கொண்டன். அதுதான் பத்து நிமிசம் விடச் சொன்னனான். பிள்ளையை எண்டு தெரிஞ்சிருந்தா விடுவனோ? பிறகுதான் எனக்கு ஓடி வெளிச்சது. பதினொரு நிமிசம் போட்டுது. நான் ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை. என்ரை பிழையாலைதான் பிள்ளை அவ்வளவு நேரம் உள்ளை கிடந்தது."

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு இலேசாக வந்தது. எட்டு வருடச் சுமை இறங்கியது போல ஒரு சுகம். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பேனையின் மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"நான் காரைத்தான் சொன்னனான் அண்ணை" என்றாள்.

கார் ஓடிக்கொண்டெல்லோ நிண்டது என்று வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் நிமிர்ந்தாள்.

"காரைத்தான் சொன்னனான். பிள்ளையைச் சொல்லியிருந்தா, பிறகு ஏன் நான் தூக்கேல்லை? சொல்லுங்கோ அண்ணை. பெத்த பிள்ளை எழும்பேல்லையெண்டு தெரிஞ்சுகொண்டு, கதவைச் சாத்திப்போட்டு, ஒரு தாய் ஸ்நோ அள்ளிக்கொண்டு நிப்பாளோ?"

நான் எவ்வளவு பெரிய மடையன் என்று அந்த இடத்தில்தான் விளங்கியது. அந்தப் பதினொரு நிமிடம் என்னுடையது மட்டும்தான் என்று எட்டு வருடமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அவளுடைய பக்கத்தில் அது என்னவாக இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தாளே, அது எனக்காக மட்டும் இல்லை. அண்ணை கண்டுபிடித்தார் என்ற கதைக்குள் அந்த நேரத்துக்கு இடமில்லை. அந்தக் கதைக்குள் அவள் உடனே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடுகிறாள். ஐந்து, ஆறு நிமிடம். அவ்வளவுதான். நான் என் சுமையை இறக்குகிறேன் என்று கொண்டுபோய் அவளுடைய மடியில் வைத்துவிட்டேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஓம் தங்கச்சி" என்றேன். "காரைத்தான் சொன்னனீங்கள். எனக்குத்தான் வயசு போய் எல்லாம் மாறாட்டம்."

அவள் தலையை ஆட்டினாள். மேலே பிள்ளை ஏதோ ஒரு பாட்டை ஆங்கிலத்தில் பாடுவது கேட்டது. சரியான சுருதியில்தான் பாடினாள்.

"ஆனா நேரத்தை மட்டும் சரியா எழுதுங்கோ" என்றேன். "முதல் இருத்தினதிலையிருந்து பிள்ளையைத் தூக்கினது மட்டும் இருபத்தைஞ்சு நிமிசம். காரைப் பற்றி, என்னைப் பற்றி ஒண்டும் எழுதத் தேவையில்லை. இருபத்தைஞ்சு எண்டு மட்டும் போடுங்கோ. டொக்டருக்கு அது போதும்."

கனநேரம் எழுதவில்லை. அடுப்பில் இடியப்பச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது, எழும்பிப்போய் அதைக் குறைத்துவிட்டு வந்து இருந்தாள். பிறகு இருபத்தைந்து என்று இலக்கத்தில் எழுதினாள். பேனையை அழுத்தினதில் தாள் குழி விழுந்துவிட்டது. அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை, அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"நித்திரையெண்டுதான் அண்ணை நினைச்சனான்" என்றாள்.

யாரை என்று நான் கேட்கவில்லை.